குதிகால் ரத்தப் பரிசோதனை: டெஸ்ட்டுக்கு முழு மார்க், செய்த விதத்துக்குப் பாதிதான்

ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் போன மாசம் மகள் பிறந்தாள், சுகப்பிரசவம். பில்லில் ‘நியூபார்ன் ஸ்கிரீனிங்’ என்று ஒரு வரி, நாலாயிரத்துச் சொச்சம். அது என்னவென்று பில்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

பிறந்து இருபது மணி நேரம்கூட ஆகவில்லை, நர்ஸ் வந்து குதிகாலின் ஓரத்தில் குத்தி, நாலைந்து சொட்டு ரத்தத்தை ஒரு கெட்டித் தாளில் வட்டம் வட்டமாக இறக்கிக்கொண்டு போனார். “ஏனம்மிணி, பச்சப் புள்ளையப் போயி குத்தறீங்களே” என்று அமுச்சிக்கு (பாட்டிக்கு) ஒரே அங்கலாய்ப்பு. குழந்தை அழுதது அரை நிமிஷம், அமுச்சி அழுதது அரை நாள்.

ஆறாம் நாள் ராத்திரி போன். “டிஎஸ்ஹெச் ஜாஸ்தியா இருக்குங்க, காலைல கூட்டிட்டு வந்துருங்க.” அவ்வளவுதான், வைத்துவிட்டார்கள். டிஎஸ்ஹெச் என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், அது ஜாஸ்தி என்றால் தைராய்டு குறையோ என்று சந்தேகம். மறுநாள் கோபியிலிருந்து ஈரோடு போகிற வரை வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கிறது. அப்புறம்தான் குழந்தை டாக்டர் சொன்னார், பிறந்த முதல் நாளில் எல்லாக் குழந்தைக்குமே டிஎஸ்ஹெச் ஏறி இறங்குமாம், அதனால் 48 மணி நேரம் தாண்டி, 72க்குள் எடுப்பதுதான் முறையாம். சீக்கிரம் டிஸ்சார்ஜ் என்பதால் முன்னாடியே எடுத்திருக்கிறார்கள். எடுக்கட்டும், “மறுபடி எடுக்க வேண்டி வரலாம்” என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்த ராத்திரி தூங்கியிருப்போம்.

அதற்காக டெஸ்ட்டே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிறவித் தைராய்டு குறை ஆரம்பத்தில் வெளியே தெரியாது, அழாமல் சமர்த்தாகத் தூங்குகிறது என்று நாமே பெருமைப்பட்டுக்கொண்டிருப்போம், உள்ளே மூளை வளர்ச்சி அடிபட்டுக்கொண்டிருக்கும். இரண்டு வாரத்துக்குள் பிடித்துவிட்டால் தினம் ஒரு மாத்திரையோடு போயிற்று. ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக இருந்தால் பீரோவில் போடும் அந்துருண்டை வாசம்கூட ஆகாதாம், நாம் அந்தப் பீரோவில் இருக்கிற பழைய சேலையைத்தானே தொட்டில் கட்டுகிறோம்!

வலது கையிலும் ஒரு காலிலும் சென்சார் சுற்றி ஆக்சிஜன் பார்த்தார்கள், அது இதயக் கோளாறைக் கண்டுபிடிக்க. வலி கிடையாது.

எங்களைப் போல மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டியவர்கள் காது டெஸ்ட்டை விட்டுவிடாதீர்கள். தூங்கும்போது காதில் சின்னதாக ஒன்றை வைத்துச் சில நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். அதைச் செய்த பொண்ணு மட்டும், “இன்னிக்குத் தேறலைனாலும் பயந்துக்காதீங்க, காதுல தண்ணி இருந்தாலும் அப்படி வரும்” என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தது. இரண்டு காதும் தேறிவிட்டது, அந்தப் பொண்ணுக்கு மட்டும் அஞ்சு ஸ்டார்.

கடைசியாக மற்ற டெஸ்ட்டுகளின் ரிப்போர்ட்டைக் கேட்டால், “நார்மல்னா பேப்பர் தர்றதில்லைங்க” என்றார்கள். பிரிண்ட் கையில் வரும் வரை கவுண்டரை விட்டு நான் நகரவில்லை.