பெப்பு நகரில் மூலிகை ஆவியா, சுடுமணலா?

ஜப்பானின் கியூஷு தீவில், சாக்கடை மூடி வழியாகக்கூட வெந்நீர் ஊற்றுகளின் ஆவி எழும் ஊர் பெப்பு. ஒரே ஒரு குளியலுக்குத்தான் நேரம் என்றால், கன்னவா பகுதியின் மூலிகை ஆவிக்குளியலா, தகேகவாரா என்ற குளியலகத்தின் மணல் குளியலா?

ஆவிக்குளியலை 1276-இல் இப்பென் என்ற துறவி தொடங்கினார் என்பது அந்த ஊர் மரபு. சிறிய மரக்கதவு வழியே குனிந்து நுழைந்தால், இருட்டான கல் அறை. தரை முழுக்க 'செகிஷோ' என்ற புல் பரப்பியிருக்கும். நம் வசம்புக்கு நெருங்கிய உறவு அது, அதே பேரினம். கீழிருந்து வரும் சூடு பட்டதும் புல்லின் வாசனை மேலே கிளம்பும். அதன்மேல் மல்லாந்து படுத்துவிட வேண்டியதுதான். பத்து நிமிடத்துக்குள் வியர்வை கொட்டிவிடும். அப்புறம் ஒட்டிய இலைகளைக் கழுவிவிட்டு வெந்நீர்த் தொட்டியில் இறங்கலாம்.

தகேகவாரா 1879-இல் தொடங்கியது. இப்போதைய மரக்கட்டடம் 1938-இல் எழுந்தது. யுகாதா என்ற மெல்லிய பருத்தி அங்கியை உடுத்திப் படுத்தால், பணியாளர் வெந்நீரில் சூடான மணலைக் கழுத்துவரை அள்ளிப்போடுவார். மணலின் கனம் உடம்பை அழுத்துவது தனிச் சுகம். தலை வெளியில் இருப்பதால் மூச்சு முட்டாது.

அடைத்த அறை பயம் என்றால் மணலுக்கே போங்கள். இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் இரண்டுக்குமே மருத்துவரைக் கேட்க வேண்டும். மற்றபடி, என் ஓட்டு மூலிகைக்குத்தான். அந்தப் பச்சை வாசனை மணலில் கிடைக்காது.