குடும்பத்தோடு வெளிநாடு போய் ஏழு ஆண்டு: என் பக்கத்துக் கணக்கு

"ரெண்டு வருஷம் இருந்து பார்ப்போம், சரிப்படலைன்னா திரும்பிடலாம்" என்றுதான் கணவர் ஆரம்பித்தார். அது ஏழு ஆண்டாகிவிட்டது. கிளம்பும்போது மகளுக்கு 11 வயது, மகனுக்கு 4.

அப்போது ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் நல்லது, அந்தப் பக்கம் கெட்டது என்று எழுதி வைத்தோம். போன மாதம் அது கையில் கிடைத்தது. எழுதியதில் பெரிய தவறு எதுவுமில்லை. ஆனால் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே கணக்காகப் போட்டிருக்கிறோம். வரவு ஒருவருக்கும் செலவு இன்னொருவருக்கும் போய்ச் சேரும் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

கணவர் கதை சின்னது. அதே துறை, நல்ல பதவி, பழகிய அலுவலக மொழி. மூன்று மாதத்தில் ஒட்டிக்கொண்டார். உங்களுக்கு மாறினது ஆபீஸ் போகும் வழி மட்டும்தான் என்று இன்றும் கிண்டல் செய்வேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். ஒன்பது ஆண்டு அனுபவத்தோடு, கணவரைச் சார்ந்து வருபவருக்குக் கொடுக்கிற டிபெண்டன்ட் விசாவில் வந்தேன். இந்த விசாவில் வேலை பார்க்கலாமா என்று முன்பே விசாரித்திருந்தேன், பார்க்கலாம் என்றார்கள். என் வேலையைப் பார்க்கலாமா என்று கேட்கவில்லை. மருத்துவம், செவிலியம், ஆசிரியப் பணி, வழக்கறிஞர் தொழில் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் அந்தந்த நாட்டின் பதிவோ உரிமமோ தனியாக வேண்டும். பட்டம், மதிப்பெண் பட்டியல், பாடத்திட்டம், ஊரில் பதிவு செய்திருந்த தொழில் கவுன்சிலின் நன்னடத்தைச் சான்று, அப்புறம் மொழித் தேர்வு. சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை வேறு, அதாவது அதிலுள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவைதான் என்று வெளிநாட்டுக்காக நம் அரசு தரும் சான்று. 1961 ஹேக் ஒப்பந்தத்தில் இரண்டு நாடுகளும் இருந்து, அது அவற்றுக்கிடையே நடைமுறையில் இருந்தால் அந்த ஒரு முத்திரை போதும். இல்லையென்றால் தூதரகம் வரை அலைய வேண்டும். என்னிடம் ஒரு சான்றிதழில் இனிஷியல் மட்டும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க மட்டும் நாலு மாதம் ஆனது.

உரிமம் கைக்கு வர இரண்டரை ஆண்டு. அதற்குள் ஒரு நாள் மகனைக் காய்ச்சலுக்குக் கூட்டிப்போன இடத்தில் படிவம் கொடுத்தார்கள். 'தாயின் தொழில்' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. பிசியோதெரபிஸ்ட் என்று எழுதினால் பொய்யா என்று யோசித்து, கடைசியில் காலியாகவே கொடுத்தேன். கவுன்டரில் இருந்தவர் என்னிடம் கேட்காமலே அதில் ஒரு கோடு போட்டார்.

பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிடுவார்கள் என்று சொல்லாத ஆள் இல்லை. அது பாதி உண்மை. புது மொழியில் பேசிப் பழக ஓரிரு ஆண்டு போதும், பாடம் படிக்கிற அளவுக்கு அந்த மொழி வர ஐந்து ஆண்டுக்கு மேல்கூட ஆகலாம் என்று ஜிம் கம்மின்ஸ் என்ற கனடா ஆய்வாளர் எழுதியிருக்கிறார். எனக்கு இது தாமதமாகத்தான் தெரிந்தது. மகள் கணக்கில் எப்போதும் முதல். இங்கே வந்த முதல் தேர்வுத் தாளைப் பைக்கு அடியில் மடித்து வைத்திருந்தாள். எண்களாகக் கொடுத்த ஏழு கணக்கும் சரி, வாக்கியமாகக் கொடுத்த மூன்றும் வெறும் தாள். புரியாத சொற்களைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, அதையும் அழித்திருந்தாள். தடம் தெரிந்தது.

மகன் பள்ளியில் ஐந்து மாதம் வாயே திறக்கவில்லை. புது மொழிக்குள் போகும் பல குழந்தைகளுக்கு இப்படி ஒரு மௌனக் காலம் உண்டு, பொறுங்கள் என்றார் ஆசிரியை. ஒரு நாள் சறுக்குமரத்தில் முந்தப் பார்த்தவனிடம் "இப்ப என் முறை" என்று அந்த ஊர் மொழியில் முழு வாக்கியமாகச் சொன்னானாம். இப்போது நிலைமை தலைகீழ். வீடியோ காலில் பாட்டி பேசினால் போனை என் பக்கம் திருப்பி, "என்ன சொல்றாங்க?" என்கிறான். என் கணிப்பு இது: சின்ன வயதில் கூட்டிவந்தால் பள்ளி சுலபம், தாய்மொழிக்குத்தான் அடி. 12, 13-ஐத் தாண்டினால் மொழி தங்கிவிடும், பள்ளியும் நட்பும் படாதபாடு.

பணம்? சம்பளத்தை ஊர்ப் பணத்துக்கு மாற்றிப் பார்த்து மயங்கினோம். மாற்ற வேண்டியது மாதக் கடைசியில் மிஞ்சுவதை. இரண்டு சம்பளம் ஒன்றானதை நாங்கள் கழிக்கவே இல்லை. வரி விஷயம் தனி. பல நாடுகளில் ஆண்டுக்கு 183 நாள் தங்கினால் வரி நோக்கில் நீங்கள் அங்கே வசிப்பவர், ஊரில் வருகிற வாடகைகூடக் கணக்கில் வரலாம். இரு நாட்டுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறதா, பிடித்தம் செய்கிற ஓய்வூதியப் பணம் பாதியில் கிளம்பினால் திரும்பக் கிடைக்குமா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். அவசர டிக்கெட்டுக்கு ஒரு தொகையைத் தொடாமல் வையுங்கள். மாமியாருக்கு அறுவை சிகிச்சை நடந்ததே எங்களுக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் தெரியும். "நீங்க அங்கிருந்து என்ன பண்ணப் போறீங்க, அதான் சொல்லல" என்றார் மாமா. பதில் சொல்ல முடியவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஆறு மணிக்கு நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம், முன்பு அது ஞாயிற்றுக்கிழமை மட்டும். மகள் வாக்கியக் கணக்கைத் தாண்டி இப்போது இயற்பியல் படிக்கக் கிளம்பிவிட்டாள். நான் 38 வயதில் கார் ஓட்டக் கற்றேன். மறுபடி இதே முடிவை எடுப்பேனா என்றால், எடுப்பேன். சான்றிதழ் வேலையை ஓராண்டு முன்னதாக ஆரம்பித்து, வங்கிக் கணக்கை முதல் வாரமே இருவர் பெயரிலும் திறந்த பிறகு.

"இன்னும் ரெண்டு வருஷம்" என்கிறார் கணவர். இது மூன்றாவது தடவை. போன வாரம் என் உரிமத்தைப் புதுப்பித்தேன். ஒரு ஆண்டா, ஐந்து ஆண்டா என்று இணையதளம் கேட்டது. ஐந்தை அழுத்திப் பணம் கட்டிவிட்டேன், அவரிடம் இன்னும் சொல்லவில்லை.