ஆட்டோஹாட்கீ வி2: அட்மின்ல ஓட்டினா இசட் டிரைவ் எங்க போகுது?

விண்டோஸ்ல கீ அழுத்துறது, கிளிக் பண்றது எல்லாத்தையும் ஸ்கிரிப்ட் எழுதி தானா நடக்க வைக்கிற ஆட்டோஹாட்கீங்கிற சாஃப்ட்வேர தினமும் யூஸ் பண்றேன், இலவசம், ஓப்பன் சோர்ஸ், 2.0 வந்தது 2022 டிசம்பர்ல. ஹாட்கீ, விண்டோவ பிடிச்சு கிளிக் பண்றது, ஃபைல் படிக்கிறது எல்லாம் அருமையா பண்ணுது, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. அட்மின் பர்மிஷனும் நெட்வொர்க் டிரைவும் (வேற கம்ப்யூட்டர்ல இருக்கிற ஃபோல்டர இசட் மாதிரி ஒரு டிரைவ் எழுத்துல மேப் பண்றது) ஒண்ணா சேர்ற இடத்துலதான் புதுசா வர்றவங்க மாட்டிக்கிறாங்க, நானும் ரெண்டு நாள் மாட்டிக்கிட்டு இருந்தேன், அதான் இத எழுதுறேன்.

என் ஸ்கிரிப்ட் ஒரு அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர்ல டைப் பண்ணணும். அந்த சாஃப்ட்வேர் அட்மினா ஓடுது, ஸ்கிரிப்ட் சாதாரணமா ஓடுது. ஒரு கீ கூட போகல, எரர் மெசேஜும் வரல. இது பக் இல்ல, விஸ்டா காலத்துலேர்ந்தே விண்டோஸ் இப்படித்தான், கீழ்மட்ட பர்மிஷன்ல ஓடுற புரோகிராம் மேல இருக்கிறதுக்கு கீ அனுப்ப முடியாது. சரின்னு ஸ்கிரிப்டே தன்னை ரன்ஆஸ் (அட்மினா ஓட்டச் சொல்ற கட்டளை) போட்டு அட்மினா திரும்ப ஸ்டார்ட் பண்ற மாதிரி எழுதினேன். உடனே ஸ்கிரிப்ட் ஃபைலே இல்லைன்னு சொல்லுது! ஃபைல் இசட் டிரைவ்ல கண்ணு முன்னாடி இருக்கு.

காரணம் என்னன்னா, யுஏசி (அட்மின் வேலைக்கு முன்னாடி அனுமதி கேக்கிற விண்டோஸ் வசதி) ஆன்ல இருக்கும்போது அட்மின் அக்கவுண்ட்ல லாகின் பண்ணா விண்டோஸ் ரெண்டு டோக்கன் (என்னென்ன உரிமை இருக்குன்னு சொல்ற அடையாளம்) உருவாக்குது, சாதாரணம் ஒண்ணு, அட்மின் ஒண்ணு, ரெண்டும் தனித்தனி லாகான் செஷன், மேப் பண்ண டிரைவ் எழுத்து எந்த செஷன்ல போட்டமோ அதுக்கு மட்டும்தான் தெரியும். சந்தேகம்னா சாதாரண கமாண்ட் பிராம்ப்ட்ல ஒரு தடவ, அட்மின் பிராம்ப்ட்ல ஒரு தடவ நெட் யூஸ்ங்கிற கட்டளைய அடிச்சுப் பாருங்க, லிஸ்ட் வேற வேறயா வரும்.

ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் தன் செட்டிங்ஸ சேமிக்கிற இடம்) எனேபிள்லிங்க்டுகனெக்‌ஷன்ஸ்னு ஒரு டிவேர்ட் (எண் வகை என்ட்ரி) போட்டு மதிப்பு 1 வச்சு ரீஸ்டார்ட் பண்ணா ரெண்டு பக்கமும் டிரைவ் தெரியும். ஆனா ஒவ்வொரு மெஷின்லயும் போய் போடணும், அதனால எனக்கு பிடிக்கல. ஸ்கிரிப்டுக்குள்ள இசட்னு எழுதுறத விட்டுட்டு \\சர்வர்\ஷேர்னு முழு பாதையா எழுதுங்க, பாதி பிரச்சனை அங்கயே முடிஞ்சுடும். அப்பவும் திறக்கலன்னா யார் பாஸ்வேர்ட் போட்டு அட்மின் ஆனீங்கன்னு பாருங்க, வேற ஆளோட பாஸ்வேர்ட்னா ஸ்கிரிப்ட் அந்த ஆளாத்தான் ஓடும், அவருக்கு அந்த ஷேர்ல உரிமை இல்லாம இருக்கலாம். ஸ்கிரிப்ட்லேர்ந்து பேட்ச் ஃபைல் கூப்பிடுறவங்க இன்னொண்ணு கவனிங்க, கமாண்ட் பிராம்ப்ட்ல சிடி கட்டளை போட்டு அந்த மாதிரி பாதைக்குள்ள போக முடியாது, புஷ்டி கட்டளை போடணும், அதுவே தற்காலிகமா ஒரு டிரைவ் எழுத்து எடுத்துக்கும்.

எனக்கு கடைசில கைகொடுத்தது யுஐ ஆக்சஸ்தான், அதாவது மத்த புரோகிராம் விண்டோவ இயக்க விண்டோஸ் தர்ற தனி அனுமதி. ஆட்டோஹாட்கீய புரோகிராம் ஃபைல்ஸ்ல இன்ஸ்டால் பண்ணியிருந்தா ரைட் கிளிக்ல அந்த ஆப்ஷன் வரும், அட்மின் ஆகாமலே அட்மின் விண்டோவுக்கு கீ அனுப்பலாம், என் இசட் டிரைவும் அப்படியே தெரிஞ்சுச்சு. இத முதல்லயே தெரிஞ்சிருந்தா ரெண்டு நாள் மிச்சம். எல்லாத்தையும் அட்மினா ஓட்டுறது தப்பான பழக்கம்னு இப்ப உறுதியா நம்புறேன்.

ஸ்கிரிப்ட டாஸ்க் ஷெட்யூலர்ல (குறிச்ச நேரத்துல தானா ஓட்டுற விண்டோஸ் வசதி) போடுறவங்க யூசர் லாகின் பண்ணாலும் பண்ணாட்டியும் ஓடுங்கிற ஆப்ஷன எடுக்காதீங்க, நம்ம டெஸ்க்டாப் அதுக்கு கிடைக்காது, கிளிக் எதுவும் விழாது. லாகின் பண்ணா மட்டும்ங்கிறத வச்சு, தேவைன்னா ஹையஸ்ட் பிரிவிலேஜஸ் டிக் பண்ணுங்க, யுஏசி கேள்வியும் வராது.

அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். அரை மார்க் குறைச்சது யுஐ ஆக்சஸ பத்தி இன்ஸ்டால் பண்றப்பவே இன்னும் தெளிவா சொல்லியிருக்கலாம்னுதான்.