சி.டி.ஆர்.ஐ. பதிவேடு: அப்பாவுக்காகத் தேடியபோது

அப்பாவுக்குப் பார்க்கின்சன். மாத்திரையின் வேகம் இறங்கிவிட்டால் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. மூளைக்குள் மெல்லிய மின்கம்பி வைத்துத் தூண்டும் சிகிச்சையான ஆழ்மூளைத் தூண்டல் பற்றிய சோதனை எதிலாவது சேர்க்கலாமா என்று, இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளைப் பதிவு செய்யும் சி.டி.ஆர்.ஐ. என்ற, 2007-ல் தொடங்கிய இந்த அரசு இணையதளத்தில் தேடினேன். இலவசம்தான். யாரைச் சேர்ப்பார்கள், நெறிமுறைக் குழு அனுமதி கிடைத்ததா, யாரிடம் பேசலாம், எல்லாம் இருக்கிறது. யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்ற பகுதியை முதலில் படியுங்கள். மறதி நோயோ கடுமையான மனச்சோர்வோ இருந்தால் பெரும்பாலும் எடுப்பதில்லை. வயதானவரை அலைக்கழிக்காமல் வீட்டிலிருந்தே இது தெரிந்தது எனக்குப் பெரிய நிம்மதி. அப்புறம், இந்தத் தூண்டலுக்கு மின்சாரம் தர நெஞ்சில் தோலுக்கடியில் வைக்கும் பேட்டரி. சோதனை முடிந்தபின் அது தீர்ந்துபோனால் மாற்றும் செலவு யாருடையது? மருத்துவரிடம் கேளுங்கள். பதில் ஒப்புதல் படிவத்தில் எழுத்தில் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.