கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம்: துயரோடு வருவோருக்குத் திறந்த வாசல்

கொழும்பு, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம் 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று குண்டுவெடிப்பில் சிதைந்து, கடற்படையினரின் உழைப்பால் சீரமைக்கப்பட்டு, அதே ஆண்டு ஜூன் 12 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. நான் சென்றபோது என் மதம் என்னவென்று யாரும் கேட்கவில்லை. நெற்றியில் திருநீறு பூசிய ஓர் அம்மா, மெழுகுதிரியை ஏற்றிவிட்டு, அந்தோனியார் சுரூபத்தின் முன் நெடுநேரம் அழுதுகொண்டு நின்றதையும், அவரை எவரும் அவசரப்படுத்தாததையும் கண்டேன். ‘ஏன் இப்படி நடந்தது’ என்று மனம் உடைந்து வருவோருக்கு உடனே விடை சொல்ல முற்படாமல், அவரவர் மொழியில் மன்றாட இடம் தருவதையே இத்தலத்தின் தலையாய சிறப்பாகக் கருதுகிறேன். மற்ற ஆலயங்களும் இந்தப் பொறுமையைக் கைக்கொள்ள வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் மிகுதி என்பதால், அமைதியாக அமர விரும்புவோர் வேறு நாளில் செல்லலாம்.