வீட்டிலேயே மாற்றிய காரின் பின்பக்கப் பிரேக்: 33,000 கி.மீ. ஓடிய பிறகு

மாமியார் வீடு பென்னாகரம் பக்கம். வாசல், தெருவிலிருந்து சரிந்து இறங்கும். 2022 மே மாதம் ஒருநாள் காரை அங்கே நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை மேலே வரை இழுத்துவிட்டு இறங்கினேன். கதவைச் சாத்துவதற்குள் கார் மெல்ல நகர்ந்தது. மச்சான் ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு அடியில் செங்கல்லைத் தள்ளினான். வாரம் ஒருமுறை தருமபுரியிலிருந்து தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் போகிறவன் நான். அன்று மதியச் சாப்பாடு உள்ளே இறங்கவில்லை.

கார் 2013 மாடல் சின்ன ஹேட்ச்பேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். அப்போது 71,000 கி.மீ. ஓடியிருந்தது, பின் ஷூவை, அதாவது டிரம்முக்குள் விரிந்து உரசிச் சக்கரத்தை நிறுத்தும் வளைந்த கட்டைகளை, யாரும் தொட்டதில்லை. ஹேண்ட் பிரேக் கேபிள் இழுப்பதும் அதே ஷூவைத்தான். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால் பெரும்பாலான வேலையை முன்சக்கரங்கள்தான் பார்க்கின்றன. பின் ஷூ மெதுவாகத் தேயும், அதனாலேயே மறந்துபோகும். ஹேண்ட் பிரேக் தளர்ந்தபோதெல்லாம் ஒரு மெக்கானிக் லீவருக்குக் கீழே கேபிளை முறுக்கிக் கொடுப்பார், நானும் நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். தேய்ந்தது உள்ளே, இழுத்துக் கட்டியது வெளியே.

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையில் இறங்கினேன். ஷூ செட் 1,100 ரூபாய், பிரேக் கிளீனர் 300, ஜாக் ஸ்டாண்ட் ஒரு ஜோடி 1,600. ஸ்டாண்ட் வாங்கியதை வீட்டில் வீண்செலவு என்றார்கள். காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதை நம்பிச் சக்கரம் இல்லாத வண்டிக்குப் பக்கத்தில் உட்கார எனக்குத் துணிச்சல் இல்லை. பின் டிரம்மைக் கழற்ற ஹேண்ட் பிரேக்கையும் விட்டாக வேண்டும் என்பதால் முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, கியரிலும் போட்டேன்.

டிரம் வரவில்லை. சுத்தியலால் தட்டினேன், அசையவில்லை. ஷூ தேய்த்துத் தேய்த்து டிரம்மின் உட்பக்கம் குழிந்து, ஓரத்தில் துருவோடு ஒரு விளிம்பு நின்றிருந்தது. அது ஷூவில் மாட்டிக்கொள்கிறது. டிரம்மின் முகத்தில் மரை போட்ட இரண்டு துளைகள் எதற்கென்று பல வருடம் தெரியாமல் இருந்தேன். அவற்றில் 8 மி.மீ. போல்ட் இரண்டை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால், டிரம் தானாக வெளியே வருகிறது.

உள்ளே ஒரு கைப்பிடி கருப்புத்தூள். இதை வாயால் ஊதவோ ஏர் அடிக்கவோ கூடாது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் தேய்ந்து விழுந்த தூள் அது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததுண்டு, இல்லாவிட்டாலும் அது நுரையீரலுக்குப் போக வேண்டிய பொருள் அல்ல. மாஸ்க் போட்டுக்கொண்டு, கிளீனரால் நனைத்துத் துடைத்தேன்.

எதிர்வீட்டு அண்ணன் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். டீ டம்ளரோடு வந்து நின்றார். "தம்பி, ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா பிரிச்சுப் போட்டுடாத. ஒண்ணப் பாத்துதான் இன்னொண்ண மாட்டணும்" என்றார். செல்போனில் பத்துப் படம் எடுத்து வைத்திருந்தும், எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்று குழம்பியபோது பிரிக்காத பக்கம்தான் கைகொடுத்தது. ஷூவைத் தாங்கும் பின்தட்டின் மேல், ஷூ உரசும் இடங்களில், வெப்பம் தாங்கும் கிரீஸை மிளகளவு வைத்தேன். லைனிங்கில் கிரீஸ் விரல் பட்டால் அந்தச் சக்கரம் ஒழுங்காகப் பிடிக்காது.

எல்லாம் மாட்டியபின் டிரம் உள்ளே போகவில்லை! புது ஷூ தடிமன்தான், ஆனால் ஷூவின் விரிவைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரை முழுவதும் சுருக்கியும் போகவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: அந்த நூறு ரூபாய்க் கேபிள். முறுக்கி முறுக்கி, லீவரைக் கீழே விட்ட நிலையிலும் அது ஷூவை விரித்துப் பிடித்திருந்தது. கேபிளைத் தளர்த்தியதும் டிரம் வழுக்கிக்கொண்டு ஏறியது. முதலில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி, கடைசியில்தான் கேபிள். இந்த வரிசை மாறக் கூடாது. இடது பக்கம் மூன்றரை மணி நேரம் தின்றது, வலது பக்கம் ஐம்பது நிமிடம். அம்மா நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். பெடலை நாலைந்து முறை மிதித்து, கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகு அதியமான்கோட்டை வரை மெதுவாக ஓட்டிப் பார்த்துத் திரும்பினேன். அப்புறம் முதல் 300 கி.மீ. திடீர் பிரேக் எதுவும் போடவில்லை.

ஹேண்ட் பிரேக் இப்போது ஐந்தாவது கிளிக்கிலேயே பிடித்தது. பென்னாகரத்துச் செங்கல்லுக்கு வேலை போயிற்று. ஐப்பசி மழையில் காலையில் முதல் மிதிப்புக்கு ஒரு கீச்சொலி வரும். டிரம்மில் படியும் மெல்லிய துரு அது, இரண்டு மிதியில் போய்விடும். மாற்றி 10,000 கி.மீ. ஓடியதும் திறந்து பார்த்தேன், லைனிங் சீராகத் தேய்ந்திருந்தது.

என் கஞ்சத்தனம் 18,000 கி.மீ.யில் வெளியே வந்தது. முதல் வேலையின்போதே, பெடலை மிதித்தால் ஆயில் அழுத்தத்தில் ஷூவை விரிக்கும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடி வெடித்திருந்ததைப் பார்த்தேன். ஜோடி 900 ரூபாய், ஒழுகவில்லையே என்று விட்டுவிட்டேன். 2024 ஜனவரியில் பிரேக் ஆயில் மட்டம் இறங்கியது, இடது பின் டயரின் உட்புறம் ஈரம். திறந்தால் ஷூ ஆயிலில் ஊறியிருந்தது. லைனிங் ஆயிலைக் குடித்துவிட்டால் துடைத்துப் பயனில்லை, தூக்கிப்போட வேண்டியதுதான். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்காது, எனவே வலது பக்கத்து நல்ல ஷூவும் போயிற்று. மறுபடி ஷூ, சிலிண்டர் இரண்டு, பிரேக் ஆயில் என்று 2,400 ரூபாய்.

சிலிண்டர் மாற்றினால் ஏர் எடுக்க வேண்டும், அதாவது ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். மனைவி பெடலில், நான் கீழே. மிதித்துப் பிடித்திருக்கும்போது, சிலிண்டரில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து, மூடியபின்தான் காலை எடுக்கச் சொல்ல வேண்டும். "புடி… புடி… இப்ப விடு" என்று இருபது முறை கத்தினேன். "எனக்கும் காது கேக்குதுங்க" என்றாள். சிந்திய ஆயில் கதவோரப் பெயின்ட்டை உரித்ததை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்க வேண்டும். மிச்ச ஆயிலைத் திறந்த டப்பாவில் சேர்த்து வைக்கவில்லை. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கொதிநிலை இறங்கிவிடும். டாட் 3 வகை ஆயிலுக்குத் தரவிதி கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 140 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் சும்மா உள்ளே போகும்.

தொப்பூரில் இப்போதும் மூன்றாவது கியரில்தான் இறங்குகிறேன். "ஏறுற கியர்லயே எறங்கணும், நியூட்ரல்ல விட்டு டீசல் மிச்சம் பிடிச்சவன் கதைய நான் நெறய பாத்துருக்கேன்" என்பார் எதிர்வீட்டு அண்ணன்.

மீட்டர் இப்போது 1,04,000. போன வாரம் டிரம்மைக் கழற்றினேன்: சிலிண்டர் காய்ந்திருக்கிறது, லைனிங் 3 மி.மீ.க்கு மேல் நிற்கிறது. பாலக்கோட்டில் இருக்கும் சகலை அவர் காரையும் என்னிடம் விட வருகிறாராம். ஷூவோடு சிலிண்டரையும் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.