வீட்டோடு நிற்கிற ஆளா, வந்துபோகிற இரண்டு பேரா?

வயதான தாய் தகப்பனைப் பார்க்க யாழ்ப்பாணத்தில் ஆள் தேடும்போது முதலில் வாயில் வருவது, "வீட்டோட நிற்கிற ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" என்ற கேள்விதான். கூடப்பிறந்தவர்கள் கனடாவிலும் லண்டனிலும் இருப்பார்கள். இங்கே மிஞ்சிய ஒருவர் காலையில் கந்தோருக்குப் போகவேண்டும். ஒரே ஆள் இரவு பகலாக நின்றுவிட்டால் தலையிடி தீர்ந்தது என்று நினைப்பது நியாயம். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு நாங்கள் இரண்டு வழியையும் பார்த்துவிட்டோம். முதலில் ஏஜென்சி மூலம் வீட்டோடு ஒருவர். இப்போது அயலில் இருந்து முறைவைத்து வரும் இரண்டு பெண்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

முதியோர் இல்லத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. கைதடியில் அரச இல்லம் இருக்கிறது, தனியார் இல்லங்களும் உண்டு. ஆனால் அம்மா வீட்டை விட்டு அசையமாட்டேன் என்றுவிட்டார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. செலவையும் நீட்டத் தேவையில்லை. சம்பளம் ஊருக்கு ஊர் மாறும். வீட்டோடு நிற்பவருக்கு அறை, மூன்று நேரச் சாப்பாடு, ஏஜென்சிக் காசு என்று எல்லாம் சேர, இரண்டு அரைநாள் சம்பளத்தோடு எங்களுக்குப் பெரிய வித்தியாசம் வரவில்லை. நகை, சாவி, நம்பிக்கை எல்லாம் இரண்டு வழியிலும் ஒன்றுதான்.

வீட்டோடு நிற்பதில் உள்ள நன்மையை மறைக்கக் கூடாது. இரவு இரண்டு மணிக்கு அம்மா கூப்பிட்டால் எழும்ப ஆள் இருக்கிறது. காலையில் பஸ் பிந்தியது, மழை பெய்தது என்ற கதையே இல்லை. எங்களோடு நின்றவரும் கெட்டிக்காரிதான், அவரில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிரச்சினை லீவு. தூர இடத்தில் இருந்து வருபவர் மாதம் ஒருமுறையாவது வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். போனால் ஒரு நாளில் திரும்பமாட்டார், போகவர ஒவ்வொரு நாள், நடுவில் பிள்ளைகளோடு சில நாள். அது அவருடைய உரிமை. அதற்கு மேல் செத்தவீடு, அந்தியேட்டி, சாமத்தியவீடு, ஊர்க்கோயில் திருவிழா. ஏஜென்சி பதில் ஆள் அனுப்புவதாகச் சொல்லும், சிலவேளை அனுப்பியும் விடும். ஆனால் வருவது புது முகம். அம்மாவை எந்தப் பக்கத்தால் தூக்குவது, எந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முன், எது பின், பால்தேத்தண்ணி எவ்வளவு சூடு, பம்பஸ் எந்த அலுமாரியில் என்று எல்லாம் தொடக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கவேண்டும். பழகி முடியப் பழைய ஆள் திரும்பி வந்துவிடுவார். ஆக, ஆள் வைத்தும் நான் கந்தோருக்கு லீவு போட்டேன். வீட்டில் நிற்பவர் போனால் பாதி வேலை நிற்பதில்லை, முழுவதும் நிற்கிறது. நேரத்தை மிச்சம்பிடிக்க ஆள் வைக்கிறோம் என்றால், அந்த ஆள் இல்லாத நாட்களை வைத்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும்.

இருவர் என்றால் ஒருவர் போகும்போது மற்றவர் நிற்பார், அவருக்கு அம்மாவையும் தெரியும், வீட்டையும் தெரியும். நான் வைத்த ஒழுங்கு சின்னது. வரமுடியாவிட்டால் முதல் நாள் பின்னேரமே சொல்லவேண்டும். தங்களுக்குள் மாறிக்கொள்ளலாம், என்னைக் கேட்கத் தேவையில்லை, கொப்பியில் எழுதினால் சரி. கூடுதலாக நின்ற காசு அன்றைக்கே கையில். இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் பிசகவே கூடாது, மாதக் கடைசிக்குத் தள்ளினால் அடுத்த முறை யாரும் மாறி நிற்கமாட்டார்கள்.

ஆளைத் தேர்ந்ததில் பள்ளிக்கூட மணி எனக்குக் கைகொடுத்தது. அரசுப் பள்ளிகள் காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடுகின்றன. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு மதியம்வரை வேலை செய்ய விரும்பும் தாய்மார் எங்கள் பக்கத்தில் நிறைய. முழுநாள் வேலை என்றால் வரமாட்டார்கள், அரைநாள் என்றால் சந்தோஷமாக வருவார்கள். காலைக்கு அப்படி ஒருவர். மதியத்துக்குப் பிள்ளைகள் வளர்ந்துவிட்ட ஒரு அக்கா, நான் வீடு திரும்பும்வரை நிற்பார்.

மதியத்து அக்கா 12.45க்கு வருகிறார், காலையில் வந்தவர் 1.15க்குப் போகிறார். இடையில் உள்ள அரை மணி நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் எதற்கு என்று தம்பி கனடாவில் இருந்து கேட்டான். அந்த அரை மணியில்தான் அம்மாவைக் கட்டிலில் இருந்து கதிரைக்கு மாற்றுவதும், குளிக்கவார்ப்பதும், படுக்கை விரிப்பு மாற்றுவதும் நடக்கிறது. ஒருவர் தனியே தூக்கினால் அம்மாவும் விழக்கூடும், தூக்குபவரின் நாரியும் பிடித்துக்கொள்ளும். காலையில் என்ன சாப்பிட்டார், வயிற்றால் போனதா, பிரஷர் எவ்வளவு என்ற செய்தியும் அப்போதே கைமாறிவிடும், எனக்கு போன் வராது. இருவர் வைப்பவர்கள் இந்த அரை மணியை மட்டும் வெட்டாதீர்கள்.

தூரத்தையும் பார்க்கவேண்டும். அம்மா போடுவது மிக்ஸ்ராட் இன்சுலின், போட்டு அரை மணிக்குள் சாப்பிடவேண்டும். நான் 7.15க்கு ஊசியைப் போடுகிறேன். காலை ஆள் 7.40க்கு வந்து தீத்துகிறார். ஆள் அரை மணி பிந்தினால் சீனி இறங்கி வியர்க்கத் தொடங்கிவிடும். ஆகவே பஸ்ஸில் வருபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் காலை முறைக்கு வேண்டாம், சைக்கிள் தூரத்தில் உள்ளவரைப் பாருங்கள். அவர் வாசலில் நிற்பதைக் கண்ட பிறகே ஊசியைப் போடுவது இன்னும் நல்லது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் இதில் வேலை கொடுக்கலாம். கோடைகாலத்தில் ரொறன்ரோவுக்கும் நமக்கும் ஒன்பதரை மணி வித்தியாசம், அங்கே இரவு 9 மணி என்றால் இங்கே காலை 6.30. தம்பி அந்த நேரம் வைபரில் எடுத்து, காலை ஆள் வருகிறாரா என்று கேட்டு எனக்கு ஒரு வரி போட்டுவிடுவான். நான் அந்த நேரம் அம்மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன்.

இனி, இந்த வழி ஓடாத இடம். எங்களுக்கு இரவில் நான் பக்கத்தில் படுத்தால் போதும், அம்மா ஒருமுறை எழும்புவார், அவ்வளவுதான். முழுதாகப் படுக்கையில் உள்ளவருக்கு, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிடச் சொல்வார்கள். காற்று மெத்தை போட்டாலும் புரட்டுவதை விடமுடியாது. பகலில் வேலை செய்பவர் இரவும் அதைச் செய்தால் ஒரு கிழமைகூடத் தாங்கமாட்டார். அங்கே வீட்டோடு ஒருவர், அல்லது இரவுக்கென்று தனி ஆள் தேவை. மறதி நோய் உள்ளவர்களைப் பார்த்த அனுபவம் எனக்கு இல்லை. அவர்களுக்கு ஒரே முகம்தான் நல்லதோ என்று தோன்றுகிறது, பார்த்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் ஒழுங்குக்கும் ஒரு கஷ்டகாலம் உண்டு, ஓகஸ்ட். பள்ளி விடுமுறையும் நல்லூரின் 25 நாள் திருவிழாவும் பெரும்பாலும் ஒட்டி வரும், காலை ஆளின் பிள்ளை வீட்டில் நிற்கும், மதியத்து அக்கா தேருக்கும் தீர்த்தத்துக்கும் போகாமல் இருக்கமாட்டார். பிள்ளையையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன், அம்மாவுக்கும் பேச ஆள். தேர், தீர்த்தம் இரண்டு நாளும் என் லீவை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.